யு-505-ஐ இழுத்து வந்த குவாடல்கனால்: பணிக்காலக் குறிப்பில் சில சந்தேகங்கள்

திசைகாட்டி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரின் எஸ்கார்ட் கேரியர்களை (காவல் பணிக்கான சிறு விமானந்தாங்கிக் கப்பல்கள்) பற்றி, கப்பலுக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் குறிப்பு தயாரித்து வருகிறேன். இப்போது கையில் இருப்பது அமெரிக்காவின் யு.எஸ்.எஸ். குவாடல்கனால், சி.வி.ஈ.-60.

இதுவரை எழுதியது இவ்வளவு: காசாபிளாங்கா வகுப்பு. வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் கைசர் கட்டுதளத்தில் 1943 ஜனவரி 5 அன்று வேலை தொடங்கி, ஜூன் 5 அன்று நீரில் இறங்கி, செப்டம்பர் 25 அன்று ஓரிகனின் அஸ்டோரியாவில் கடற்படையில் சேர்ந்தது. முதல் கேப்டன் டேனியல் கேலரி. பனாமா கால்வாய் வழியாக அட்லாண்டிக்குக்கு வந்து, 1944இல் யு-544, யு-515, யு-68 ஆகிய மூன்று ஜெர்மன் நீர்மூழ்கிகளை அழித்தது. ஜூன் 4 அன்று யு-505-ஐ உயிரோடு பிடித்தது.

சந்தேகம் இங்கேதான். யு-505 சிக்கியது வெறும் அதிர்ஷ்டம் என்று சிலர் எழுதுகிறார்கள், திட்டமிட்ட வேலை என்று சிலர். எது சரி? அடுத்து, சுக்கான் ஒரு பக்கமாக இறுகி, பின்பக்கம் நீரில் அமிழ்ந்து, உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நீர்மூழ்கியை ஒரு விமானந்தாங்கி எப்படி இழுத்தது? இழுத்தபடியே விமானங்களையும் பறக்கவிட்டது என்கிறார்கள், அது சாத்தியமா? கடைசியாக, இதே கப்பல் பிற்காலத்தில் அப்பல்லோ விண்கலத்தைக் கடலில் இருந்து எடுத்ததாக ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. 1943இல் கட்டிய கப்பலா அது?

---

நிலாக்கடல் பதில்:

வணக்கம் திசைகாட்டி. முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இழுவை விஷயத்தை எந்திரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நீர்மூழ்கி தட்டுப்பட்டதில் அதிர்ஷ்டம் உண்டு. இரண்டு வாரம் தேடி எதுவும் கிடைக்காமல், எரிபொருள் குறைந்து, மொராக்கோவின் காசாபிளாங்கா துறைமுகத்துக்குத் திரும்ப முடிவெடுத்த பிறகுதான் சோனாரில் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) சத்தம் கேட்டது. ஆனால் பிடித்தது அதிர்ஷ்டமல்ல. அதற்கு முந்தைய இரண்டு பயணங்களையும் வரிசையாகப் பார்த்தால் புரியும். உங்கள் குறிப்பில் "மூன்று நீர்மூழ்கிகளை அழித்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். கதையின் வேர் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

முதல் பயணம், 1944 ஜனவரி 16. அசோர்ஸ் தீவுகளுக்கு வடமேற்கே, எரிபொருள் மாற்றிக்கொண்டிருந்த நீர்மூழ்கிகளை மாலை நேரத்தில் அவெஞ்சர் விமானங்கள் கண்டு, ராக்கெட்டும் டெப்த் சார்ஜும் (நீருக்கடியில் வெடிக்கும் குண்டு) போட்டு யு-544-ஐ மூழ்கடித்தன. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை. ஆனால் விமானங்கள் திரும்பும்போது இருட்டிவிட்டது. இரவில் இறங்க அந்த விமானிகளுக்குப் பயிற்சி இல்லை. இறங்கிய ஒரு விமானம் ஓரமாக விலகி, தளத்துக்குப் பக்கத்து நடைபாதையில் சக்கரத்தைப் போட்டுக்கொண்டு, வால் ஓடுதளத்தை மறிக்கும்படி சிக்கிவிட்டது. 477 அடி நீளம், 80 அடி அகலம் கொண்ட தளத்தில் ஒரு விமானம் குறுக்கே நின்றால் மற்றவற்றுக்கு இடம் ஏது? மேலே சுற்றிக்கொண்டிருந்தவை காவல் கப்பல்களுக்கு அருகே கடலில் இறங்க வேண்டியதாயிற்று. ஆட்களைக் காப்பாற்றினார்கள், விமானங்கள் போயின.

இதிலிருந்து கேலரி எடுத்த முடிவு, "இனி இருட்டுக்கு முன் திரும்பிவிடுவோம்" என்பதல்ல. நேர் எதிரானது. நீர்மூழ்கிகள் பகலில் அடியில் கிடந்து, கேரியரின் விமானங்கள் ஓய்ந்த பிறகு இரவில் மேலே வந்து டீசல் ஓட்டி பேட்டரி ஏற்றிக்கொள்கின்றன. இரவில் பறக்காத கேரியர் பாதி நேரம் குருடு. ஆகவே அடுத்த பயணத்தில் முழுநிலவை ஒட்டிய இரவுகளில் பறக்கத் தொடங்கினார்கள்.

1944 ஏப்ரல் 8 முழுநிலவு. அன்றிரவு மதேரா அருகே, மேலே வந்திருந்த யு-515-ஐ விமானம் பிடித்துக்கொண்டது. இரவு முழுக்க அதை நிமிர விடவில்லை. மறுநாள் பிற்பகல் அது ஆழக் கட்டுப்பாட்டை இழந்து, சுற்றி நின்ற கப்பல்களுக்கு நடுவே மேலே வந்தது. சரமாரியாகச் சுட்டு மூழ்கடித்தார்கள். கேப்டன் வெர்னர் ஹென்கே உட்பட 44 பேர் கைதிகள். அடுத்த நாள் விடியும் முன்பே யு-68. அது அவசரமாக மூழ்கியபோது மேல்தளத்தில் வெளியே அகப்பட்டுக்கொண்ட ஒருவர்தான் அந்தக் கலத்தில் பிழைத்த ஒரே ஆள்.

யு-515 மேலே வந்த பிறகு உடனே மூழ்கிவிடவில்லை என்பதை கேலரி கவனித்தார். அத்தனை குண்டுகள் பட்டும் சில நிமிடங்கள் மிதந்தது. ஆட்கள் கலத்தைக் கைவிட்டுக் குதிக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஒரு படகு போய்ச் சேர முடியுமா என்பதுதான் அவருக்கு எழுந்த கேள்வி. அதனால் மே 15 அன்று புறப்படும் முன்பே, ஒவ்வொரு கப்பலிலும் ஏறிப் பிடிக்கும் குழு ஒன்றும், இழுக்கத் தயாராக வடமும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டார். நீர்மூழ்கி மேலே வந்ததும் கனரகக் குண்டுகளை நிறுத்திவிட்டு, ஆட்களை விரட்ட மட்டும் சிறு துப்பாக்கிகளைப் பயன்படுத்துவது என்பதும் முன்கூட்டியே பேசி வைத்தது.

எங்கே தேடுவது என்பதும் குருட்டாம்போக்கு இல்லை. வாஷிங்டனில் கென்னத் நோல்ஸ் நடத்திய நீர்மூழ்கி கண்காணிப்பு அறை, வீடு திரும்பும் ஒரு நீர்மூழ்கியின் உத்தேசப் பாதையைத் தந்துகொண்டிருந்தது.

---

வால்வு_சாவி பதில்:

நிலாக்கடல் அருமையாக விளக்கிவிட்டார். நான் ஜூன் 4க்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதியே இழுவைதான், கொஞ்சம் நீளும்.

இடம், ஆப்பிரிக்காவின் பிளாங்கோ முனைக்கு மேற்கே சுமார் 150 மைல். காலை 11:10 வாக்கில் காவல் கப்பல் சாட்டலெய்னின் சோனாரில் எதிரொலி. கேரியர் உடனே திரும்பி விலகி ஓடியது. இதில் வீரக்குறைவு எதுவுமில்லை. 19 நாட் (மணிக்கு 19 கடல்மைல்) வேகமும் மெல்லிய உடம்பும் கொண்ட கேரியர் அந்த இடத்தில் நின்றால் டார்பிடோவுக்கு இலக்கு. ஆறு நாளுக்கு முன்புதான், மே 29 அன்று, பிளாக் ஐலண்ட் என்ற எஸ்கார்ட் கேரியர் இதே அட்லாண்டிக்கில் நீர்மூழ்கியால் மூழ்கியிருந்தது. காவல் கப்பல்களான பில்ஸ்பரியும் ஜென்க்ஸும் சாட்டலெய்னுக்குத் துணையாகப் போயின. போப், ஃபிளாஹெர்ட்டி இரண்டும் கேரியரோடு நின்றன.

சாட்டலெய்னின் முதல் அடி, முன்னோக்கி வீசும் ஹெட்ஜ்ஹாக் குண்டுகள், படவில்லை. மேலே இருந்த வைல்ட்கேட் விமானிகளுக்கு நீருக்கடியில் நீர்மூழ்கியின் நிழல் தெரிந்தது. அவர்கள் அந்த இடத்தைக் குறிக்கக் கடலிலேயே சுட்டார்கள். தோட்டா தெறித்த இடத்தைப் பார்த்துத் திரும்பி வந்த சாட்டலெய்ன் போட்ட டெப்த் சார்ஜ் வரிசையில் யு-505 உருண்டது, சுக்கான் வலப்பக்கம் இறுகிப்போனது. சோனார் சத்தம் கேட்டதிலிருந்து கலம் மேலே வரும் வரை ஏறக்குறைய ஆறரை நிமிடம். கேப்டன் ஹெரால்டு லாங்கே கலம் போய்விட்டதென்று நினைத்து வெளியேறச் சொல்லிவிட்டார். 59 பேரில் ஒருவர் இறந்தார், 58 பேரைக் கடலிலிருந்து எடுத்தார்கள்.

இப்போது காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆளில்லாத நீர்மூழ்கி, மின்மோட்டார் நிற்காமல், சுக்கான் இறுகியதால் வலப்பக்கமாக வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. பில்ஸ்பரியின் படகு அந்த வட்டத்துக்குள் குறுக்கே வெட்டிப் போய் எட்டிப் பிடித்தது. லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் முதலில் கோபுரத்தின் வழியே இறங்கினார், பின்னாலேயே நிஸ்பெல், வுடோவியாக் என்ற இருவர். உள்ளே யார் இருக்கிறார்கள், வெடிமருந்து எப்போது வெடிக்கும் என்று எதுவும் தெரியாமல் இறங்கினார்கள். அந்த ஏணியில் இறங்கிய கால்களை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. டேவிட்டுக்குக் கிடைத்த மெடல் ஆஃப் ஹானர் என்ற அமெரிக்காவின் உயரிய வீர விருதுதான் அந்தப் போரில் அட்லாண்டிக் கடற்படைப் பிரிவுக்குக் கிடைத்த ஒரே ஒன்று.

உள்ளே முதல் அபாயம் தண்ணீர். ஜெர்மானியர்கள் வெளியேறும்போது கடல்நீர் வடிகட்டியின் மூடியைக் கழற்றிவிட்டுப் போயிருந்தார்கள். மூடியைத் தூர எறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பக்கத்திலேயே கிடந்தது. ஸெனன் லூகோசியஸ் என்பவர் அதை எடுத்து, பீறிட்ட நீருக்கு எதிராக அழுத்தி, மறுபடி பூட்டினார். கூடவே வெடிமருந்துகளின் ஒயர்களைத் தேடித் தேடிப் பிடுங்கினார்கள்.

அடுத்த தவறு வெளியே நடந்தது. பில்ஸ்பரி தானே பக்கத்தில் அணைத்துக் கட்டி இழுக்கப் பார்த்தது. நீர்மூழ்கியின் முன்பக்கத்தில் மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஆழத்துடுப்பு பில்ஸ்பரியின் தகட்டைக் கிழித்து, அறைகளில் வெள்ளம் புகுந்துவிட்டது. வட்டமடிக்கும் ஒன்றோடு பக்கவாட்டில் ஒட்டினால் இதுதான் நடக்கும். அதன் பிறகுதான் குவாடல்கனாலே வந்து முன்னால் நின்று வடம் கொடுத்தது.

முன்னால் இருந்து இழுத்தும் சிக்கல் தீரவில்லை. சுக்கான் வலப்பக்கம் இறுகிக் கிடப்பதால் நீர்மூழ்கி கேரியருக்கு நேர் பின்னால் வராமல், வலப்பக்கமாக ஒதுங்கி ஒதுங்கி ஓடியது. தேர் வடத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் என்ன ஆகுமோ அதேதான். இரவில் வடம் அறுந்தது. மறுநாள் இன்னும் பருமனான வடம் மாட்டினார்கள். கோபுரத்திலிருந்து மின்சாரத்தில் சுக்கானைத் திருப்ப முடியவில்லை. கையால் திருப்பும் சக்கரம் கடைக்கோடியில், பின் டார்பிடோ அறையில். அதன் கதவில் கண்ணிவெடி இருக்குமோ என்ற சந்தேகம். கேப்டன் கேலரியே நேரில் போய்ப் பார்த்து, கதவைத் திறந்து, சுக்கானை நேராக்க வைத்தார். அதன் பிறகு கலம் ஒழுங்காகப் பின்தொடர்ந்தது.

---

திசைகாட்டி எழுதியது:

வால்வு_சாவி அண்ணா, நன்றி. ஒன்று மட்டும் இடிக்கிறது. பின்பக்கம் அமிழ்ந்துதானே கிடந்தது? உள்ளே ஏறிய நீரை எப்படி வெளியேற்றினார்கள்? நீர்மூழ்கியின் சொந்தப் பம்புகள் மின்சாரத்தில் ஓடுபவை, பேட்டரி தீர்ந்துபோயிருக்குமே?

---

வால்வு_சாவி பதில்:

சரியான கேள்வி. இதற்குப் பதில் ஒரே பெயர்: ஏர்ல் ட்ரோசினோ, குவாடல்கனாலின் தலைமைப் பொறியாளர். வணிக எண்ணெய்க் கப்பல்களில் வேலை பார்த்து வந்தவர், நீர்மூழ்கி ஆள் அல்ல. தரைத் தகடுகளுக்குக் கீழே எண்ணெய்ச் சேற்றில் ஊர்ந்து, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கலம் திடீரென மூழ்கினால் அங்கிருந்து வெளியே வர வழியே கிடையாது.

அவர் செய்தது இது. அந்தக் கலத்தில் ஒவ்வொரு தண்டிலும் டீசல் எஞ்சின், கிளட்ச், மின்மோட்டார், இன்னொரு கிளட்ச், புரொப்பெல்லர் என்று வரிசையாக இருக்கும். வழக்கமாக மேலே ஓடும்போது டீசல் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை ஏற்றும். ட்ரோசினோ டீசல் பக்கத்துக் கிளட்சைக் கழற்றிவிட்டு, புரொப்பெல்லர் பக்கத்தை மட்டும் இணைப்பில் வைத்தார். கேரியரை வேகமெடுத்து இழுக்கச் சொன்னார். கடல்நீர் புரொப்பெல்லரைத் திருப்ப, புரொப்பெல்லர் தண்டைத் திருப்ப, தண்டு மோட்டாரைத் திருப்ப, மோட்டார் மின்சாரம் தந்தது. பேட்டரி ஏறியதும் நீர்மூழ்கியின் சொந்தப் பம்புகளை ஓட்டி நீரை இறைத்தார்கள், கலம் நிமிர்ந்தது. கிணற்றுக்குள் கிடப்பவனைத் தன் கையாலேயே கயிறு திரிக்க வைத்தது மாதிரி. டீசலைத் தொடவே இல்லை. டீசல் ஓட வெளியிலிருந்து காற்று வேண்டும், காற்று வர வால்வுகளைத் திறக்க வேண்டும், பின்பக்கம் நீரில் இருக்கும்போது அது தற்கொலை.

விமானங்கள் விஷயம் உண்மைதான். இழுத்துக்கொண்டே பறக்கவிட்டார்கள், வேறு வழியும் இல்லை. வால் மாதிரி ஒரு நீர்மூழ்கியைக் கட்டிக்கொண்டு மெதுவாகப் போகும் கேரியர் எந்த எதிரி நீர்மூழ்கிக்கும் எளிய இரை. சுற்றிக் கண்காணிக்கும் விமானம்தான் ஒரே கவசம்.

மூன்று நாள் கழித்து, ஜூன் 7 அன்று அப்நாகி என்ற இழுவைக்கப்பல் வந்து வடத்தை வாங்கிக்கொண்டது. கென்னபெக் எண்ணெய்க் கப்பல் எரிபொருள் தந்தது. ஹம்போல்ட் என்ற கப்பலில் நீர்மூழ்கி தெரிந்த அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். ஆவணங்களை ஏற்றிக்கொண்டு ஜென்க்ஸ் முன்னதாகவே பெர்முடாவுக்கு விரைந்தது. ஜூன் 19 அன்று யு-505 பெர்முடா சேர்ந்தது.

---

பழைய_பதிவேடு பதில்:

இருவரும் சொன்னதோடு பெயர், எண் குழப்பங்களைத் தீர்த்து வைக்கிறேன், திசைகாட்டி. பணிக்காலக் குறிப்பு எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அப்பல்லோ: அது வேறு கப்பல். 1963இல் சேவைக்கு வந்த எல்.பி.எச்.-7, ஹெலிகாப்டர் தாக்குதல் கப்பல், அதற்கும் குவாடல்கனால் என்றே பெயர். 1966இல் ஜெமினி 10, 1969 மார்ச்சில் அப்பல்லோ 9 இரண்டையும் மீட்டது அது. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டின் வரலாறும் கலந்துவிடும். எப்போதும் சி.வி.ஈ.-60 என்ற எண்ணோடு தேடுங்கள். அந்த எண்ணிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1943 ஜூலை 15க்கு முந்தைய தாள்களில் இதே கப்பல் ஏ.சி.வி.-60, அதற்கும் முன்னால் ஏ.வி.ஜி.-60. முதலில் வைத்த பெயர் அஸ்ட்ரோலேப் பே.

பிற்காலம் சுருக்கமானது. போரின் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் விமானிகளுக்குத் தளத்தில் இறங்கப் பயிற்சி தந்தது. 1946 ஜூலை 15 சேவை நீக்கம், பிறகு இருப்புக் கப்பல். 1955இல் சி.வி.யு.-60 என்று வகை மாற்றம், 1958 மே 27 அன்று பட்டியலிலிருந்து நீக்கம், 1959இல் உடைப்புக்கு விற்பனை. ஜப்பானுக்கு இழுத்துப் போய் உடைத்தார்கள். பிடிபட்ட யு-505 சிகாகோ அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்தில் 1954 முதல் பத்திரமாக இருக்கிறது, பிடித்த கப்பல் இல்லை. அந்த ஏற்றத்தாழ்வு எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

இரண்டு வாக்கியங்களைத் தயவுசெய்து எழுதாதீர்கள். "போரில் பிடிபட்ட முதல் ஜெர்மன் நீர்மூழ்கி" என்பது தவறு. 1941 மே மாதமே பிரிட்டிஷார் யு-110-இல் ஏறி எனிக்மா என்ற ஜெர்மன் ரகசியக் குறியீட்டு எந்திரத்தை எடுத்துவிட்டார்கள், அது இழுவையில் மூழ்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் யு-570 விமானத்திடம் சரணடைந்தது. சரியான வாக்கியம்: 1815க்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை நடுக்கடலில் பிடித்த முதல் எதிரிப் போர்க்கப்பல். இரண்டாவது தவறு, "இதனால்தான் எனிக்மா உடைந்தது" என்பது. எனிக்மா முன்பே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இங்கே கிடைத்த சுமார் 900 பவுண்டு ஆவணங்களில் ஜூன் மாத எனிக்மா சாவிகளும் (எந்திரத்தை அமைக்கும் முறைகள்), ஜெர்மானியர் தங்கள் இடத்தைக் குறிக்கும் கட்டக் குறியீடும் இருந்தன. சாவி தேடும் எந்திர நேரம் மிச்சமானது. சத்தத்தைத் தேடிப் போகும் டி-5 டார்பிடோக்களும் முழுசாகக் கிடைத்தன.

அதனால்தான் யு-505 பிடிபட்டதை ரகசியமாக வைப்பது அவ்வளவு முக்கியமாக இருந்தது. நார்மண்டி தரையிறக்கத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது இது நடந்தது. பிடிபட்டது தெரிந்தால் ஜெர்மானியர் சாவிகளை ஒரே இரவில் மாற்றியிருப்பார்கள். குழுவின் ஏறக்குறைய 3,000 மாலுமிகளும் போர் முடியும் வரை வாய் திறக்கவில்லை. கைதிகள் லூசியானாவின் ரஸ்டன் முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் தெரியாமல் வைக்கப்பட்டார்கள். ஜெர்மனியில் குடும்பங்கள் அவர்கள் இறந்துவிட்டதாகவே நினைத்திருந்தன. குறிப்பில் இதையும் சேருங்கள், வெற்றியின் விலை அந்தக் குடும்பங்களும் கொடுத்ததுதான்.

---

திருகோணமலை_துறை பதில்:

திரியைத் திசைதிருப்பவில்லை, ஒரு துணைக்குறிப்பு மட்டும். கேரியர் ஒன்று, சுற்றிலும் காவல் கப்பல்கள் என்ற இதே வேட்டை முறையை இந்தியப் பெருங்கடலிலும் பயன்படுத்தினார்கள். திருகோணமலையைத் தளமாகக் கொண்ட பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படையில் பேகம், ஷா என்ற இரண்டு எஸ்கார்ட் கேரியர்கள் இருந்தன. இரண்டும் அமெரிக்காவில் கட்டியவைதாம். 1944 ஆகஸ்ட் 12 அன்று செஷல்ஸ் அருகே அவை சேர்ந்த குழு யு-198-ஐ மூழ்கடித்தது. கடைசி அடி கொடுத்தவை ஃபிண்ட்ஹார்ன் என்ற பிரிட்டிஷ் கப்பலும், ராயல் இந்தியக் கடற்படையின் கோதாவரியும். அட்லாண்டிக் பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கமாகப் பேகத்தை எடுங்கள், திசைகாட்டி. அதைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் மிகக் குறைவு.

---

திசைகாட்டி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. "மூன்று நீர்மூழ்கிகளை அழித்தது" என்ற வரியை எடுத்துவிட்டு, ஜனவரி இரவும் ஏப்ரல் நிலவும் தனித்தனிப் பத்தியாகப் போகின்றன. ட்ரோசினோவின் கிளட்ச் வேலைக்கு ஒரு படம் வரைந்து போடுகிறேன்: டீசல், கிளட்ச், மோட்டார், கிளட்ச், புரொப்பெல்லர். வால்வு_சாவி அண்ணா, வரைந்ததும் இங்கே ஏற்றுகிறேன், அம்புக்குறிகள் சரியான திசையில் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.